உலைக்கு நல்ல கரி: பல வகைகளை எரித்துப் பார்த்த அனுபவம்

இரும்படிக்கப் பழகத் தொடங்குபவர்கள் முதலில் சம்மட்டியைப் பற்றியும் பட்டடையைப் பற்றியும்தான் விசாரிக்கிறார்கள். கரியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. பல ஆண்டுகளாகச் சிறிய உலை ஒன்றை வைத்துக்கொண்டு, கிடைத்த கரியையெல்லாம் எரித்துப் பார்த்திருக்கிறேன். சுமாரான பட்டடையில்கூட நல்ல வேலை செய்துவிடலாம், மட்டமான கரியில் முடியாது. இரும்பு சிவந்து நிற்குமே தவிர மஞ்சள் சூட்டுக்கு ஏறாது. புதிதாகப் பழகுகிறவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்து விட்டுவிடுவார். அப்படி யாரும் விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உலை வேலைக்கு ஏற்றது பிட்டுமினஸ் வகை நிலக்கரி. ஆனால் பிட்டுமினஸ் என்ற பெயரை மட்டும் நம்பி வாங்க முடியாது. மின் நிலையத்துக்குப் போவதும் அந்த வகைதான், அதில் பெரும்பகுதி நம் வேலைக்கு உதவாது. நமக்கு வேண்டியது சூட்டில் இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, கோக்காக மாறும் கரி. தீயின் ஓரத்தில் குவித்த பச்சைக் கரி மெதுவாகச் சூடேறும்போது அதிலுள்ள வாயுக்களும் தாரும் வெளியேறிவிடும். மிஞ்சுவது சாம்பல் நிறத்தில், நுண்துளைகளோடு, எடை குறைந்த கோக். அதைத்தான் நடுவே தள்ளி இரும்பைச் சூடேற்றுகிறோம். ஒட்டும் தன்மை உள்ள கரி தீயின் மேல் ஒரு கூரைபோல மூடிக்கொள்ளும், சூடு உள்ளேயே தங்கும். சின்ன உலையில் இந்த வசதிக்கு ஈடே இல்லை.

இந்தத் தன்மையைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. நான் புதிய கரி வாங்கும்போதெல்லாம் செய்வது இதுதான்: கொஞ்சம் கரியைப் பொடித்து, மூடியுள்ள சிறிய தகர டப்பாவில் போட்டு, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, எரியும் தீயில் வைத்துவிடுவேன். துளை வழியாகப் புகை வரும், பிறகு அது தீப்பிடித்து எரியும். சுடர் அடங்கியதும் டப்பாவை எடுத்து, நன்றாக ஆறிய பிறகு திறக்க வேண்டும். பொடி உப்பி, ஒரே கட்டியாகச் சேர்ந்திருந்தால் அது உலைக்கான கரி. போட்ட பொடி பொடியாகவே கிடந்தால் வேறு கரி தேடலாம். இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், துளை போட மறக்கவே கூடாது. கரி ஆய்வகங்கள் இதையே ஒழுங்கான முறையில் செய்து வீக்க எண் என்று ஒன்றைத் தருகின்றன. 9தான் உச்சம், 6க்கு மேல் இருந்தால் எனக்குத் திருப்தி.

விற்பவரிடம் ஆய்வு அறிக்கை இருந்தால் தயங்காமல் கேளுங்கள். சாம்பல் 8 சதவீதத்துக்குள், கந்தகம் 1 சதவீதத்துக்குள், ஆவியாகும் பொருள் 20 முதல் 30 சதவீதம் வரை இருந்தால் நல்லது. அறிக்கை இல்லையென்றால் கண்ணும் கையும்தான் துணை. நல்ல கரியில் பளபளப்பான பட்டைகள் தெரியும். தட்டினால் சதுரம் சதுரமாக உடையும், கையில் கறுப்பு ஒட்டும். அளவுக்குப் பொருந்தாத கனத்தோடு மங்கலாக இருக்கும் துண்டு கரியே அல்ல, களிப்பாறை. கரியோடு சேர்ந்து வரும் இந்தக் கல்தான் பிறகு கிளிங்கராக உருகி உயிரை வாங்கும்.

கிளிங்கரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கரியில் எரியாமல் மிஞ்சும் மண்சத்து உருகிக் கீழே வடிந்து, காற்று வரும் வாயில் கண்ணாடிபோல உறைந்துவிடும். அதன்பின் ஊதியை எவ்வளவு சுற்றினாலும் நடுத்தீ மங்கலாகவே இருக்கும். இரும்பில் ஒட்டிக்கொண்டால் மேற்பரப்பும் கெடும். எல்லாக் கரியிலும் கிளிங்கர் உண்டு, எவ்வளவு, எவ்வளவு சீக்கிரம் என்பதில்தான் வேறுபாடு. நல்ல கரியில் நீண்ட நேரம் வேலை செய்த பிறகு, காற்றைச் சில நிமிடங்கள் நிறுத்தி ஆறவிட்டால், ஒரே வட்டமாகக் கொக்கியில் மாட்டி வந்துவிடும். மட்டமான கரியில் சிறுசிறு துணுக்குகளாகத் தீ முழுக்கப் பரவிக் கிடக்கும், பொறுக்கி மாளாது. ஒரு மூட்டைக் கரியை எரித்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும் என்பதால்தான், முதலிலேயே மொத்தமாக வாங்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

கந்தகத்தை மூக்கே காட்டிக்கொடுக்கும். கந்தகம் இரும்போடு சேர்ந்தால் உருவாகும் கலவை 988 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். நாம் அடிக்கும் சூடு அதற்கு மேல். அதனால் நன்றாகச் சூடேறிய இரும்பு அடிக்கும்போது விரிசல் விடும், சூட்டில் இரண்டு துண்டுகளை ஒட்டவைப்பதும் கடினமாகும். 1709இல் ஆபிரகாம் டார்பி என்ற இரும்பு உற்பத்தியாளர் இங்கிலாந்தின் கோல்புரூக்டேலில் கரியைக் கோக்காக்கிய பிறகே, தாதுவை உருக்கி இரும்பெடுக்கும் ஊதுலையில் இட்டார். பச்சைக் கரியின் கந்தகம் இரும்பைக் கெடுக்கும் என்ற அதே தொல்லைதான் அங்கேயும். சின்ன உலைக்கும் அது பொருந்தும்: மஞ்சள் புகை அடங்கி, தீயின் நடுப்பகுதி கோக்காகும்வரை இரும்பை உள்ளே வைக்காதீர்கள். கந்தகத்தில் ஒரு பகுதி அந்தப் புகையோடே போய்விடும்.

ஆந்திரசைட் என்ற நிலக்கரி வகையையும் கொஞ்ச காலம் பயன்படுத்தினேன். கடினமானது, கண்ணாடி மினுமினுப்பு, கையில் ஒட்டாது, புகையும் குறைவு. சூடு தாராளமாகத் தரும். ஆனால் பற்றவைப்பதே பெரிய வேலை, சூடேறும்போது வெடித்துத் தெறிக்கும், ஒன்றோடொன்று ஒட்டாது. காற்றை நிறுத்தினால் தீயும் படுத்துவிடும். மின் ஊதி வைத்திருப்பவர்கள் சமாளிக்கலாம். கடையில் கிடைக்கும் கோக்கும் ஏறக்குறைய இதே குணம்தான். பழுப்பு நிலக்கரி ஈரம் மிகுந்தது, அதன் பக்கமே போக வேண்டாம்.

அப்புறம் மரக்கரி. புதிதாகத் தொடங்குபவருக்கு என் தேர்வு இதுதான். கந்தகம் இல்லை என்றே சொல்லலாம், சாம்பலும் மிகக் குறைவு, கிளிங்கர் தொல்லை அநேகமாக இல்லை. எளிதில் பற்றும், அக்கம்பக்கத்தாருக்குப் புகைத் தொந்தரவும் கிடையாது. ஜப்பானிய வாள் கொல்லர்கள் இன்றும் பைன் மரக்கரியில்தான் வேலை செய்கிறார்கள். குறைகளும் உண்டு: எடை குறைந்த கரி என்பதால் மூட்டை மூட்டையாகத் தீரும், காற்று கொஞ்சம் கூடினாலும் பொறி பறக்கும். தீயை ஆழமாக அமைத்து, காற்றைக் குறைத்து, விரல் நுனி அளவுக்கு உடைத்துப் போட வேண்டும். முழுக் கட்டியாக வரும் மரக்கரியைத்தான் வாங்க வேண்டும். பொடியைப் பசையில் பிசைந்து அச்சில் வார்த்த வில்லைகளில் சாம்பல் அதிகம், சூடு போதாது. தீயைப் படிக்கக் கண் பழகும்வரை மரக்கரி, சூட்டில் ஒட்டவைக்கும் வேலைக்கும் கனமான இரும்புக்கும் வரும்போது நிலக்கரி என்று போனால் சிரமம் குறையும்.

எங்கே தேடுவது? ஏற்கெனவே இரும்படித்துக்கொண்டிருப்பவரிடம், அல்லது குதிரைக்கு லாடம் அடிப்பவரிடம் கேட்பதுதான் குறுக்குவழி. அவர்கள் எந்தச் சுரங்கத்துக் கரி என்றே சொல்வார்கள், பலர் ஒரு வாளி கொடுத்தும் அனுப்புவார்கள். கரி வியாபாரியிடம் போனால் ‘உலைக்கு’ என்று மட்டும் சொல்லாமல், ‘ஒட்டி உப்பும் கரி, கழுவியது, 6 முதல் 25 மில்லிமீட்டர் அளவு’ என்று சொல்லுங்கள். கழுவிய கரியில் கல் குறைவு. பெரிய கட்டிகள் மட்டும் கிடைத்தால் உடைத்துக்கொள்ளலாம். தூளையும் வீணாக்க வேண்டாம். தண்ணீர் தெளித்துப் பிசைந்து தீயின் ஓரத்தில் அணைத்து வைத்தால் அருமையான கோக் கிடைக்கும்.

வாங்கியதை வெயில் மழை படாமல் கூரைக்குள் வையுங்கள். வெளியே நெடுநாள் கிடந்த கரி, ஒட்டும் தன்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் மிஞ்சிய கோக்கைத் தனியே எடுத்து வைத்து, மறுமுறை அதைக்கொண்டே தீ மூட்டினால் தொடக்கப் புகை பாதியாவது குறையும். எந்தக் கரியானாலும் கார்பன் மோனாக்சைடு உண்டு. மரக்கரிக்குப் புகை தெரியாது என்பதால் அடைத்த அறையில் வைத்து ஊதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. புகைபோக்கியும் திறந்த கதவும் கட்டாயம் வேண்டும்.

ஒரே வியாபாரி, அதே பெயர் என்றாலும் அடுத்த லோடு வேறு அடுக்கிலிருந்து வெட்டிய கரியாக இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு புது மூட்டைக்கும் அந்தத் தகர டப்பா சோதனையைச் செய்துவிட்டுத்தான் நான் பழைய குவியலில் கொட்டுகிறேன்.