ஆறு வருஷப் படங்களை மீட்டுக் கொடுத்த டிடிரெஸ்க்யூ

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஆறு வருஷத்துக் கல்யாணம், வளைகாப்புப் படங்களெல்லாம் ஒரே ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தன. போன ஆவணியில், முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வந்த நேரத்தில், அது தடுமாற ஆரம்பித்தது. ஃபோல்டரைத் திறந்தால் மேலே ஓடும் பச்சைக் கோடு பாதியில் நிற்கும். ஒரு நிமிஷம் கழித்துத்தான் படங்கள் வரும்.

ஒரு கடையில் காட்டினேன். "செக் டிஸ்க் போட்டு விடுறேன் சார். சரியாகலைன்னா ஃபார்மேட்தான்" என்றார்கள். செக் டிஸ்க் என்பது டிஸ்க்கின் பிழைகளைத் தேடித் திருத்தும் விண்டோஸ் கருவி. திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சாகக் கிடக்கிற டிஸ்க்கில் செக் டிஸ்க் ஓட்டினால் அது அதிலேயே எழுதவும் செய்யும்; மிச்சமிருப்பதும் போகலாம். முதலில் காப்பி, பிறகுதான் வைத்தியம்.

நோயைச் சொன்னது, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள். இலவசம். எச்சரிக்கையாக மஞ்சள் கட்டம் காட்டியது. நான் பார்த்தது சி5 வரிசையை: படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்களின், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகளின், எண்ணிக்கை. அதில் ஏ8 என்றிருந்தது. அந்த மென்பொருள் வழக்கமாகப் பதினாறடிமான எண்ணில் காட்டும். நம் கணக்கில் அது 168. மறுநாள் 211. கேபிள் கோளாறென்றால் சி7 ஏறும். எனக்கு அது பூஜ்யம். ஆக, டிஸ்க்குக்குள் தகவல் பதியும் தட்டே கெட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அந்த டிஸ்க்கை விண்டோஸில் மாட்டவே இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் ஏற்றிய பென் டிரைவில் கம்ப்யூட்டரைக் கிளப்பி, இரண்டு டெராபைட் புது டிஸ்க் ஒன்றை இணைத்து, பழுதான டிஸ்க்கிலிருந்து காப்பி எடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை ஓட்டினேன். சாதாரணக் காப்பி கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். இது அந்த இடத்தைக் குறித்துவைத்துவிட்டுத் தாண்டிப் போகும். நல்ல பகுதி முழுவதையும் அள்ளிய பிறகுதான் விட்டுப்போன இடங்களைச் சுரண்ட வரும். குறிப்பெல்லாம் மேப் ஃபைல் என்ற ஒரு கோப்பில் இருக்கும். நடுவில் கரண்ட் போனது. திரும்ப அதே கட்டளையைக் கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. இந்த ஒன்றுக்காகவே இதைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

முதல் சுற்று ஏழு மணி நேரம். 99 சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டது. மிச்சத்துக்கு இரண்டு நாள். செக் டிஸ்க்கைக் கடைசியில் அந்தக் காப்பியின் மேல்தான் ஓட்டினேன். போனது ஒரு ரிசப்ஷனின் இரண்டு படங்கள் மட்டும்; கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகிவிட்டது. அந்த வீட்டுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன்.

குறைகளும் உண்டு. பட்டன் எதுவும் கிடையாது, கறுப்புத் திரையில் தட்டச்சு செய்யத்தான் வேண்டும். எது பழைய டிஸ்க், எது புதியது என்பதை மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் படங்களின் மேலேயே ஏறிவிடும். தடுக்க ஆள் இல்லை. நான் இரண்டின் சீரியல் நம்பரையும் தாளில் எழுதி, தங்கை மகனை உரக்கப் படிக்கச் சொல்லி, மூன்று முறை ஒப்பிட்ட பிறகே என்டர் தட்டினேன். டிஸ்க் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டிருந்தால் இதையும் தொடாதீர்கள். உள்ளே தட்டைப் படிக்கும் ஊசி பழுதாகியிருக்கலாம். ஓடும் ஒவ்வொரு நிமிஷமும் அது தட்டைக் கீறலாம். கரண்டைப் பிடுங்கிவிட்டு, தூசியில்லா அறை வைத்து டிஸ்க்கைத் திறப்பவர்களிடம் கொண்டுபோங்கள். அங்கே செலவு ஆயிரங்களில் போகும்.