ஸ்பீக்கரை தள்ளி கட்டுறதா, சவுண்டை குறைக்கிறதா?

ஆடி மாசம் எங்க தெருமுனை கரண்ட் கம்பத்துல குழாய் ஸ்பீக்கர் கட்டினா வருஷா வருஷம் இதே பஞ்சாயத்துதான். மைக்செட் அண்ணன் "ஆம்ப்ளிஃபயர்ல பாதியா குறைச்சுட்டேன் தம்பி"ன்னு சொல்வாரு, நமக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அவர் பொய் சொல்லல, பவரை பாதியாக்கினா குறையுறது வெறும் 3 டெசிபல்தான் (டெசிபல்னா சத்தத்தை அளக்கிற அலகு), காதுக்கு சத்தம் பாதியான மாதிரி இருக்கணும்னா ஏறக்குறைய 10 டெசிபல் இறங்கணும், அதுக்கு 200 வாட்டை 20 வாட்டா ஆக்கணும், எந்த விழா கமிட்டி ஒத்துக்கும்?

இதே ஸ்பீக்கரை ரெண்டு மடங்கு தூரத்துல கட்டினா சத்தம் நாலு மடங்கு பெரிய பரப்புல பரவுது, அதனால செறிவு கால்வாசியாகி 6 டெசிபல் போயிடும். 10 மீட்டர்ல 100 டெசிபல்னா 20ல 94, 40ல 88, 80ல 82. ஆனா கவனிங்க, முதல் 6 குறைய 10 மீட்டர் நகர்ந்தா போதும், கடைசி 6 குறைய 40 மீட்டர் நகரணும். இதுவும் திறந்தவெளி கணக்கு, ரெண்டு பக்கமும் மாடி வீடு இருக்கிற சந்துல சுவர்ல பட்டு திரும்புறதால இவ்வளவு குறையாது.

என்னைக் கேட்டா, ஸ்பீக்கர் ஜன்னலுக்கு பக்கத்துல இருந்தா முதல்ல தள்ளி கட்ட சொல்லுங்க, அப்படியே குழாய் வாயையும் வேற பக்கம் திருப்ப சொல்லுங்க. ஏற்கனவே 80 மீட்டர் தள்ளி இருந்தா சவுண்டை குறைக்கறதுதான் வழி. ராத்திரி 10 மணிக்கு மேல ரெண்டும் வேண்டாம், சட்டப்படி பொதுவா ஆஃப் பண்ணணும்.