ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை: தனி சுவிட்சா, சென்சாரா, மோட்டாரா?

வேகமாக ஓடும்போது சமர்த்தாக இருக்கும் பழைய கார், நெரிசலில் நின்றதும் சூடேறுகிறதா? முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மேல்தான். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். நிற்கும்போதுதான் ஃபேன் தேவை.

இதற்கு அடிக்கடி சொல்லப்படும் வைத்தியம், டேஷ்போர்டில் தனி சுவிட்ச் போட்டு ஃபேனை நேரடியாக ஓட்டுவது. செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் சுவிட்சைப் போட மறந்த ஒருநாள் போதும், ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விடலாம். எப்போதும் போட்டே வைத்தால் மோட்டார் தேயும். இன்னொன்று, இந்த ஃபேன்கள் 10 ஆம்பியருக்கு மேல் இழுப்பது சாதாரணம். ரிலேயும் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) ஃப்யூஸும் இல்லாமல் மெல்லிய வயரில் இணைத்தால் அந்த வயரே உருகும்.

சென்சார் மாற்றுவது முறையான வழி. பல கார்களில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 95 முதல் 100 டிகிரியைத் தொடும்போது ஃபேனைப் போட்டு, சூடு தணிந்ததும் அணைப்பது அதுதான். ஆனால் சோதிக்காமல் மாற்றினால் காசு வீண். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அப்போது ஃபேன் சுற்றும். சுற்றினால் மோட்டார் நலம். குறை சென்சாரிலோ அதன் வயரிலோ இருக்கலாம். சுற்றவில்லையா? ஃப்யூஸைப் பாருங்கள். அப்புறம் அதே எண்ணுள்ள வேறொரு ரிலேயை, உதாரணமாக ஹார்னுடையதை, மாற்றிச் செருகுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் எஞ்சினை அணைத்து, மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்த வயரில் 12 வோல்ட் கொடுங்கள். கை, துணி எதுவும் இறக்கை பக்கம் போகக்கூடாது.

அப்போதும் சுற்றாத மோட்டாரை மாற்றித்தான் ஆக வேண்டும். மோட்டார் மட்டும் வாங்கினால் மலிவு. இறக்கை விரிசல் விட்டிருந்தால் கூண்டோடு முழு செட்டாக வாங்குவதே மேல். பிளஸ், மைனஸ் மாறினால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும், கவனம்.

ரேடியேட்டருக்குப் போகும் கூலன்ட்டைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்பவர்களும் உண்டு. நிற்கும்போது காற்று வராததற்கு அது என்ன செய்யும்?

என் தேர்வு: சென்சாரைச் சரிசெய்துவிட்டு, தனி சுவிட்சை ரிலே வழியாக மாற்று ஏற்பாடாக மட்டும் வைத்துக்கொள்வது. அதுவரை நெரிசலில் டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி ஓரங்கட்டுங்கள். வியர்க்கும்தான். எஞ்சின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.