லூத்தருக்கு எந்தச் சிலை பொருத்தம்: விட்டன்பர்க்கா, வோர்ம்ஸா?

ஜெர்மனியின் பழைய புராட்டஸ்டன்ட் ஊர்களில் சந்தைத் திடலுக்குப் போனால், புராட்டஸ்டன்ட் பிரிவுக்கு வித்திட்ட 16-ஆம் நூற்றாண்டுத் துறவி மார்ட்டின் லூத்தர், நீண்ட அங்கியும் கையில் வேதாகமமுமாகச் சிலையாக நிற்பதைப் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. ஐஸ்லேபன், ஐசனாக், டிரெஸ்டன், பெர்லின் என்று பட்டியல் நீளும். அதில் நின்று பார்க்க வேண்டியவை என்று நான் சொல்வது இரண்டைத்தான். ஒன்று 1821-இல் விட்டன்பர்க்கில் திறந்தது, மற்றது 1868-இல் வோர்ம்ஸில் திறந்தது.

சிலை வழிபாட்டைச் சாடிய மதப் பிரிவுக்காரருக்கே சிலையா என்று சிலர் கேட்பார்கள். லூத்தர் விஷயத்தில் இந்தக் கேள்வி அவ்வளவாக எடுபடாது. விட்டன்பர்க் கோயில்களிலிருந்த படங்களையும் சிலைகளையும் அகற்றச் சொல்லிக் கலகம் கிளம்பியபோது, 1522 மார்ச்சில் வார்ட்பர்க் கோட்டையிலிருந்து திரும்பி வந்து, அது தவறு என்று தொடர்ந்து எட்டு நாள் பிரசங்கம் செய்தவர் அவர். கும்பிடாத வரை உருவம் இருந்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் அவருடைய நிலை. ஜெனிவாவின் சீர்திருத்தத் தலைவர் கால்வினின் கதை வேறு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

விட்டன்பர்க் சிலைக்கான பணம் முதலில் விட்டன்பர்க்குக்காகத் திரட்டப்பட்டதே இல்லை. லூத்தர் பிறந்து வளர்ந்த மான்ஸ்ஃபெல்ட் பகுதிக்காரர்கள் தங்கள் மண்ணில் நினைவுச்சின்னம் எழுப்பத் திரட்டிய நிதி அது. 1815-இல் விட்டன்பர்க் சாக்சனியிடமிருந்து பிரஷ்யாவின் கைக்கு மாறியது. மன்னர் மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் இடத்தை விட்டன்பர்க் என்று முடிவு செய்து, பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து லூத்தர் வெளியிட்ட 95 கோட்பாடுகளின் 300-ஆம் ஆண்டான 1817-இல் அடிக்கல் நாட்டினார். புதிதாகக் கைக்கு வந்த ஊரில் தன் முத்திரையைப் பதிக்க இதைவிட நல்ல வழி அவருக்குக் கிடைத்திருக்காது.

சிலையைச் செய்தவர் யோஹான் கோட்ஃப்ரீட் ஷாடோ. பெர்லின் பிராண்டன்பர்க் வாயிலின் உச்சியில் நிற்கும் நான்கு குதிரைத் தேரும் அவர் வடிவமைத்ததுதான். அந்நாளில் ஊர் நடுவே பீடமேறி நிற்பது அரசர்களும் தளபதிகளும்தான். அந்த இடத்தில் சுரங்கத் தொழில் செய்தவரின் மகன் ஒருவரை நிறுத்தியது பெரிய மாற்றம். ஆனால் தலைக்கு மேல் கட்டடக் கலைஞர் ஷிங்கெல் வடிவமைத்த வார்ப்பிரும்பு விதானம் ஒன்று இருக்கிறதே, எனக்குப் பிடிக்காதது அதுதான். கூரான கோதிக் வளைவுகளும் நான்கு பக்கத் தூண்களுமாக, கத்தோலிக்கப் பேராலயத்தில் புனிதர்களுக்கு வைக்கிற மாடத்தை அப்படியே பெயர்த்துத் தெருவில் வைத்ததுபோல இருக்கிறது. புனிதர் வணக்கம் வேண்டாம் என்றவருக்கு மாடம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். 1865-இல் பக்கத்திலேயே லூத்தரின் தோழரான அறிஞர் மெலாங்க்தனுக்கும் சிலை வந்தது, அவருக்கும் ஒரு விதானம்.

விதானத்தை மறந்துவிட்டுக் கையைப் பாருங்கள். லூத்தர் ஒரு புத்தகத்தைத் திறந்து நமக்குக் காட்டுகிறார். இடது பக்கத்தில் பழைய ஏற்பாடு முடிகிறது, வலது பக்கத்தில் அவர் ஜெர்மனாக்கிய புதிய ஏற்பாடு தொடங்குகிறது. அவர் வாழ்நாளில் செய்த பெரிய காரியம் இன்னது என்று ஒரே சைகையில் சொல்லிவிட்டார் ஷாடோ. இதே புத்தகம் இரு நூறு ஆண்டு கழித்து வம்பிலும் மாட்டியது. 95 கோட்பாடுகளின் 500-ஆம் ஆண்டு விழாவை ஒட்டி 2015-இல் பிளேமொபில் என்ற பொம்மை நிறுவனம் சின்ன லூத்தர் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்தது. முதலில் வந்த 34,000 பொம்மைகள் மூன்றே நாளில் தீர்ந்தன. பொம்மையின் கையிலிருந்த புத்தகத்திலும் சிலையில் உள்ளதுபோலவே பழைய ஏற்பாட்டுப் பக்கத்தில் ‘முடிவு’ என்று இருந்தது. யூதர்களின் வேதம் முடிந்துபோனது என்று இதற்கு அர்த்தமா என்ற கேள்வி எழ, பின்னர் வந்த பொம்மையில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். 1543-இல் யூதர்களுக்கு எதிராக லூத்தர் எழுதியதைப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி மிகையாகத் தெரியாது.

2010-இல் சிலை பழுதுபார்க்கப் போயிருந்தபோது, ஓட்மார் ஹோர்ல் என்ற கலைஞர் ஒரு மீட்டர் உயரத்தில் 800 பிளாஸ்டிக் லூத்தர்களைச் செய்து அதே சந்தைத் திடலில் வரிசையாக நிறுத்தினார். சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று கலர் கலராக! பிறகு அவை விற்பனைக்கும் போயின. பாவமன்னிப்புச் சீட்டு விற்றதை எதிர்த்துத் தொடங்கிய கதை இங்கே வந்து நிற்கிறது.

சரி, வோர்ம்ஸ். 1521 ஏப்ரலில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னால் லூத்தர் தன் எழுத்துகளைத் திரும்பப் பெற மறுத்த ஊர். இங்கே இருப்பதை ஒற்றைச் சிலை என்று சொல்ல முடியாது, ஒரு சபையே கூடியிருக்கிறது. எர்ன்ஸ்ட் ரீட்ஷெல் வடிவமைத்தார், முடிக்கும் முன் 1861-இல் இறந்துபோனார், டோன்டார்ஃப் முதலான சீடர்கள் முடித்தார்கள். நடுவில் உயரத்தில் லூத்தர், மூடிய வேதாகமத்தின் மேல் இறுகிய முஷ்டி. காலடியில் அவருக்கு முன்பே திருச்சபையை எதிர்த்துக் குரல் கொடுத்த நால்வர் உட்கார்ந்திருக்கிறார்கள்: வால்டோ, விக்ளிஃப், யான் ஹுஸ், சவோனரோலா. ஹுஸ் 1415-இல் உயிரோடு எரிக்கப்பட்டவர், சவோனரோலா 1498-இல் தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்டவர். சுற்றுச்சுவரின் மூலைகளில் ஆதரவு தந்த இரண்டு சிற்றரசர்களும், ராய்க்லின், மெலாங்க்தன் என்ற இரண்டு அறிஞர்களும் நிற்கிறார்கள். இடையில் மூன்று நகரங்கள் பெண் உருவில் அமர்ந்திருக்கின்றன: எதிர்ப்புக் குரல் கொடுத்த ஸ்பெயர், சமாதானத்தின் அடையாளமாகக் குருத்தோலை ஏந்திய ஆக்ஸ்பர்க், துக்கத்தில் தலை கவிழ்ந்த மாக்டபர்க்.

என் ஓட்டு வோர்ம்ஸுக்கு விழுவது அந்த மாக்டபர்க்கால்தான். 1631-இல் கத்தோலிக்கப் படைகள் அந்நகரைச் சூறையாடிக் கொளுத்தியதில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். ஒரு வெற்றிச் சின்னத்தில் அந்தத் துக்கத்துக்கும் இடம் ஒதுக்க ரீட்ஷெலுக்கு மனம் வந்திருக்கிறது. ஹுஸ் கையிலிருக்கும் சிலுவையையே பார்த்துக்கொண்டிருப்பதும் அப்படித்தான். தலைவர் தனியாக முளைத்தவர் இல்லை, அவருக்கு முன்னால் எரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்கிற சிலை அபூர்வம்.

குறை இல்லாமல் இல்லை. 1521-இல் அங்கே நின்றவர் துறவி உடையிலிருந்த அகஸ்டின் சபைத் துறவி. சிலையில் இருப்பவரோ பின்னாளைய போதகர் அங்கியில் இருக்கிறார். பீடத்தில் பொறித்திருக்கும் ‘இங்கே நிற்கிறேன், வேறு வழி எனக்கில்லை’ என்ற வாசகத்தை அவர் அன்று அப்படியே சொன்னாரா என்பதும் சந்தேகம்தான். விவசாயிகள் கிளர்ச்சியின் தாமஸ் மூன்ட்சருக்கு இந்தச் சபையில் இடமில்லை. பெண்கள் என்றால் நகரங்கள் மட்டும்தான். லூத்தரின் மனைவி கத்தரினாவைப் பார்க்க விட்டன்பர்க் லூத்தர் இல்லத்தின் முற்றத்துக்குத்தான் போகவேண்டும். 1999-இல் நீனா கோக் செய்த வெண்கலச் சிலையில் அவர் ஒரு வாசல் சட்டத்தைத் தாண்டி விறுவிறுவென்று நடந்துவருகிறார்.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். டிரெஸ்டன் ஃபிரௌவன் தேவாலய வாசலில் 1885-இல் வைத்ததும், வாஷிங்டனில் 1884-இல் வைத்ததும் வோர்ம்ஸ் லூத்தரின் நகல்கள்தான். டிரெஸ்டன் சிலை 1945 குண்டுவீச்சில் பீடத்திலிருந்து விழுந்து, பிறகு எழுந்தது. பெர்லின் சிலையைச் சுற்றி ஒரு கூட்டமே இருந்தது, இரண்டாம் உலகப் போரில் உலோகத்துக்காக அவர்களையெல்லாம் உருக்கிவிட்டார்கள், லூத்தர் மட்டும் மிச்சம். ஐஸ்லேபனில் ஸீமெரிங் 1883-இல் செய்த லூத்தர், போப்பாண்டவரின் ஆணையைக் கையில் கசக்கிக்கொண்டு நிற்கிறார். பார்க்க நாடகத்தனமாக இருக்கிறது, ஆனால் பீடத்துப் புடைப்புச் சிற்பங்களில் அவர் குடும்பத்தோடு இருக்கும் காட்சி நல்லது.

இனி கால்வின். 1564-இல் இறந்தபோது தன் கல்லறைக்கு அடையாளமே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர். அவர் பிறந்த 400-ஆம் ஆண்டான 1909-இல் ஜெனிவாவில் பழைய கோட்டை மதிலை ஒட்டி நூறு மீட்டர் நீளச் சுவர் எழுப்பத் தொடங்கி, 1917-இல் முடித்தார்கள். நடுவில் சீர்திருத்தத் தலைவர்களான ஃபாரெல், கால்வின், பேஸா, நாக்ஸ் நால்வரும் ஐந்து மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய ஒரே முகபாவத்தோடு நிற்கிறார்கள். சிற்பிகளில் ஒருவரான பால் லண்டோஸ்கிதான் பிற்பாடு ரியோ மலைமேல் நிற்கும் கிறிஸ்துவையும் செய்தவர். சுவர் பிரமிக்க வைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நெருங்கவிடாது. இதே சுவரில் லூத்தருக்கும் சூரிச் நகரின் சீர்திருத்தத் தலைவர் ஸ்விங்லிக்கும் உருவமில்லை, தனித்தனிக் கல்லில் பெயர் மட்டும். கால்வினுக்கும் அதையே செய்திருந்தால் அவர் மறுத்திருக்கமாட்டார் என்று தோன்றுகிறது.

இரண்டையும் பார்க்க நேரமிருந்தால் விட்டன்பர்க்கை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், பெர்லினிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வோர்ம்ஸில் சிலையோடு நின்றுவிட வேண்டாம். விசாரணை நடந்த ஆயர் மாளிகை இருந்த இடத்தில் இப்போது ஹைல்ஸ்ஹோஃப் பூங்கா இருக்கிறது. அங்கே தரையில் வெண்கலத்தில் இரண்டு பெரிய காலணிகளை வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் காலை நுழைத்து நிற்கலாம்.