கேபிளைத் தொடாத கடை

வெள்ளவத்தையில் கல்யாணப் படப்பிடிப்பு நிலையம் நடத்துகிறேன். நிலையத்துக் கணினிகள் எல்லாம் கேபிள்வழி பகிரும் பொதுச் சேமிப்புப் பெட்டியில் படங்களை ஏற்றினால், தொடக்கத்தில் நொடிக்கு 110 மெகாபைட். சில நிமிடங்களில் 10க்கு விழுந்துவிடும். முதலில் பார்த்த கடைக்காரர் கேபிளை மாற்றிக் காசு வாங்கியதோடு சரி.

அடுத்துப் போனது பம்பலப்பிட்டியில், மாடிப்படிக்குக் கீழே ஓர் ஒடுங்கிய கடை. "தொடக்கத்தில் 110 வருகிறதென்றால் கேபிளில் பிழையில்லை, அண்ணை" என்ற தம்பி, பெட்டிக்குள் இருந்த நான்கு வன்தட்டுகளின் மாதிரி எண்ணைப் பார்த்தார். தடங்கள் கூரை ஓடுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிய எஸ்எம்ஆர் வகை. வரும் படங்களை முதலில் வாங்கிவைக்கும் தற்காலிக இடம் நிரம்பியதும், ஒரு தடத்தில் எழுதப் பக்கத்துத் தடங்களையும் திருப்பி எழுத வேண்டும். மலிவென்று வாங்கியவன் நான்தான். நான்கையும் ஒவ்வொன்றாக, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகைக்கு மாற்றி, ஒரு படமும் அழியாமல் தந்தார். வேகம் இப்போது இறங்குவதில்லை. கடையில் உட்கார இடமில்லை. பேரம் பேசவும் இடமில்லை.