அட்டவணையா, பிள்ளையின் போக்கா? வீட்டுக்கல்வியில் மூன்று வழிகள்

என் மகளுக்கு ஒன்பது வயது. மூன்று ஆண்டுகளாக வீட்டிலேயே படிக்கிறாள். இதற்குள் மூன்று முறைகளை நடத்திப் பார்த்துவிட்டோம். எது நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பிள்ளையை மட்டும் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். சொல்லிக்கொடுப்பவரையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கு மாற்று ஆசிரியர் யாரும் வரப்போவதில்லை.

முதலாண்டு, பள்ளியை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தோம். காலை ஒன்பது மணிக்குத் தொடக்கம், பாடத்துக்கு 45 நிமிடம். இதில் பெற்றோருக்குப் பெரிய நிம்மதி உண்டு. நாளை என்ன செய்வது என்ற யோசனையே வேண்டாம். பாடத்திட்டம் வரிசையாக முடிந்துவிடும், பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளைக்கு அது கட்டாயம் தேவை. ஆனால் 45 நிமிடம் என்பது ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பதற்கான அளவு. ஒரே ஒரு பிள்ளை அந்தப் பாடத்தைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறாள். மீதி நேரத்தை நிரப்பத் தேவையில்லாத பயிற்சிகளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதைவிடவும் வருத்தம் வேறொன்று. ஒருநாள் பிற்பகலில் அவள் கனவில் கண்டதைச் சொல்ல ஓடிவந்தாள். எனக்கு முதலில் காதில் விழுந்தது அவள் வாக்கியத்தில் இருந்த பிழைதான். அதைத் திருத்தினேன். அவள் கனவை முடிக்காமலே போய்விட்டாள். அன்று மாலையே அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்தேன்.

அடுத்தது அன்ஸ்கூலிங். வகுப்பறை ஆசிரியராக இருந்த ஜான் ஹோல்ட், 1977இல் வீட்டில் கற்கும் குடும்பங்களுக்கென்றே ஓர் இதழைத் தொடங்கியபின் பரவலான வழி இது. பாடத்திட்டம் கிடையாது. பிள்ளை எதைப் பிடித்துக்கொள்கிறதோ அதன் பின்னால் நாம் போக வேண்டும்.

மழை விட்ட ஒரு காலையில் சுவரில் நத்தை ஒன்றைக் கண்டாள். அடுத்த இரண்டு வாரம் நத்தைதான் எங்கள் பாடம். நீளமான கொம்புகளின் நுனியில்தான் கண்கள் இருக்கின்றன என்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் அவளே கண்டுபிடித்தாள். ஒரு கண்ணாடித் தட்டில் ஊரவிட்டு, கீழிருந்து பார்த்தாள். பாதத்தில் அலை அலையாகப் பட்டைகள் ஓடின. பிறகு சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, 5 நிமிடத்தில் அது 23 சென்டிமீட்டர் போவதை அளந்தாள்.

“அம்மா, அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு?”

“நீயே வகுத்துப் பாரேன்.”

நான்கு வந்தது. மிச்சம் மூன்றை என்ன செய்வதென்று தெரியாமல் பென்சிலைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கணக்குப் புத்தகத்தைத் திறந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. கேள்வி முழுக்க அவளுடையது, அதைத் தீர்க்கத்தான் கை பழகியிருக்கவில்லை. அந்தப் பழக்கம் விட்டுப்போகும்படி விட்டவள் நான். இந்த வழியில் வேலை குறைவு என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: பெற்றோர் நாள் முழுவதும் விழிப்பாக இருக்க வேண்டியது இதில்தான். இரவு விளக்கை அணைத்த பிறகும் கேள்வி வரும்.

மூன்றாவதுதான் இப்போது நடப்பது. இங்கிலாந்தைச் சேர்ந்த கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) வற்புறுத்திய சிறு பாடங்கள். கணக்கு 20 நிமிடம், நாள் தவறாமல். வாசிப்பு 15 நிமிடம். ஒரு பகுதியை ஒரே முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடிவைத்துத் தன் சொற்களில் சொல்ல வேண்டும். வினாத்தாளே தேவையில்லை, புரியாத இடத்தில் பேச்சு தானாகத் தடுமாறும். பிற்பகல் முழுக்க அவளுடையது. தசமம் சொல்லிக்கொடுத்த அன்று, நான் நினைவூட்டாமலே நத்தை நோட்டை எடுத்துவந்து 4.6 என்று எழுதிக்கொண்டாள்.

குறை இல்லாமல் இல்லை. சொல்லச் சொன்னால் வாயே திறக்காத நாட்கள் உண்டு. அப்போது வரையச் சொல்லிவிடுகிறேன். மாண்டிசோரி முறையிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: பிள்ளை ஒன்றில் மூழ்கியிருக்கும்போது குறுக்கே பேசாதிருப்பது. இணைய வகுப்புகளை எங்களுக்கு ஒத்துவராமல் சீக்கிரமே விட்டுவிட்டோம்.

வேலைக்குப் போய்க்கொண்டே சொல்லிக்கொடுப்பவர்களுக்கு அட்டவணைதான் தாங்கும், ஆனால் 45 நிமிடத்தை 20 ஆக்குங்கள். பள்ளியில் மனம் நொந்து வெளியே வந்த பிள்ளை என்றால் சில மாதங்கள் எந்தப் பாடமும் இல்லாமல் விடுங்கள், புத்தகத்தைக் கண்டாலே முகம் சுருங்குவது நிற்கட்டும். மற்றபடி கணக்கை மட்டும் எந்த வழியிலும் கைவிடாதீர்கள். வரலாற்றை ஓர் ஆண்டு தள்ளிப் படித்தாலும் பிடித்துவிடலாம். வகுத்தல் நிற்காமல் பின்னம் நிற்காது, அந்த மூன்று மாத இடைவெளியை அடைக்க எங்களுக்கு ஐந்து மாதம் ஆயிற்று.