தையல் அழகாகத்தான் இருந்தது

கட்டையன் பிழைத்துக்கொண்டான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய் வளர்ப்பவர்கள் இந்த மாதிரிப் பதிவைக் கண்டால் கடைசி வரியைப் பார்த்துவிட்டுத்தான் மேலே வந்து படிப்பார்கள். நானும் அப்படித்தான்.

எங்கள் ஊர் காரிமங்கலத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில். கட்டையன் செவலை நிற நாட்டு நாய், ஐந்து வயது. குட்டியில் கால் குட்டையாக இருந்ததால் வந்த பெயர். கால் வளர்ந்துவிட்டது, பெயர் தங்கிவிட்டது. தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் பூசணி விளக்குப் போட்டுவிட்டு வரும் அம்மா, வீட்டுக்குள் நுழைந்ததும் இவனுக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் எங்களைக் கவனிப்பார். அவ்வளவு செல்வாக்கு அவனுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தக்காளிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கம் இதற்குமுன் பார்த்திராத ஒரு பெரிய கறுப்பு நாய் வந்தது. உறுமல் கேட்டுத் திரும்புவதற்குள் கட்டையனின் கழுத்தைக் கவ்வி உதறிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய்க் கையை விட்டேன். என் மணிக்கட்டில் ஒரு பல் இறங்கியது. யாருடைய பல் என்று இன்றுவரை தெரியாது. என் மனைவி தொட்டித் தண்ணீரை ஒரு வாளி மொண்டு இரண்டின் முகத்திலும் அடித்தாள். பிரிந்துவிட்டன. கறுப்பு நாய் ஓடிப்போனது, பிறகு யார் கண்ணிலும் படவில்லை.

பார்த்தால் பெரிய காயம் இல்லை. காது நுனி கிழிந்திருந்தது. கழுத்தில் பென்சில் முனை அளவுக்கு இரண்டு ஓட்டை. ரத்தம்கூட அதிகம் வரவில்லை. அம்மா மஞ்சளை அரைத்துக்கொண்டு வந்துவிட்டார். நான்தான், "சும்மா இரும்மா, டாக்டர்கிட்ட போயிடலாம்" என்று பெரிய விவரம் தெரிந்தவன் மாதிரி வண்டியை எடுத்தேன்.

ஞாயிறு மாலை அரசு கால்நடை மருத்துவமனை பூட்டியிருக்கும். நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு கடை. முன்னால் நாய்த் தீனி, சங்கிலி, கூண்டு. பின்னால் திரை போட்ட அறை. 'நாய், பூனைகளுக்கு 24 மணி நேர மருத்துவம்' என்று போர்டு. உள்ளே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், கழுத்தில் ஸ்டெதஸ்கோப். "டாக்டர் சார்" என்று கூப்பிட்டேன், திரும்பிப் பார்த்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மொத்தம் பத்து நிமிடம். முடியை மழிக்கவில்லை. பஞ்சில் எதையோ தொட்டு மேலாகத் துடைத்தார், ஊசியை எடுத்தார், இரண்டு ஓட்டைகளையும் இழுத்துத் தைத்தார். நானே சொல்ல வேண்டும், தையல் அத்தனை நேர்த்தி. அம்மா ரவிக்கைக்குப் போடுகிற தையல்கூட அவ்வளவு நெருக்கமாக இருக்காது. பிறகு மூன்று ஊசி. அதில் ஒன்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி என்று சொன்னார். அந்த மருந்தை மேசை டிராயரைத் திறந்து எடுத்தார். பார்த்துக்கொண்டேதான் நின்றேன், ஒன்றும் தோன்றவில்லை. மாத்திரைகளை அட்டையிலிருந்து வெட்டி ஒரு காகித உறையில் போட்டுக் கொடுத்தார். பெயர் எழுதவில்லை. 5,200 ரூபாய். ஜிபே வேண்டாம், காசாகக் கொடுங்கள் என்றார். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கித் தந்தார்.

என் கையைக் காட்டினேன். "வளர்ப்பு நாய் பல்லாத்தான் இருக்கும், டெட்டனஸுக்கு ஒரு டிடி ஊசி போட்டுக்கோங்க, போதும்" என்றார்.

அன்று இரவு கட்டையன் ஒன்றுமே நடக்காதது போலத் துள்ளினான், தட்டைக் காலி செய்தான். அடடா, கைராசிக்காரர் என்று பக்கத்து வீட்டில் வேறு சொல்லிவைத்தேன். வந்த வேகத்தில் நாய் இப்படித் துள்ளினால் ஸ்டீராய்டு போட்டிருக்க வாய்ப்பு உண்டு, அது வீக்கத்தையும் வலியையும் அமுக்கிவிடும், கிருமியோடு போராடும் சக்தியையும் சேர்த்தே அமுக்கிவிடும் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

மறுநாள் கழுத்து லேசாக உப்பியது. போன் செய்தேன். "அது ஆறுற வீக்கம் சார்." மூன்றாம் நாள் தாடை வரைக்கும் உப்பியது. நேரில் போனேன். இன்னும் ஒரு ஊசி, 1,800 ரூபாய், வலி மாத்திரையை இரண்டு வேளையாக்கினார். நான்காம் நாள் சோறு இறங்கவில்லை. வாந்தி. தார் மாதிரி கறுப்பாக வெளிக்குப் போனான்.

அன்று மாலை எங்கள் பெரியப்பா வந்தார். நாற்பது வருஷமாக ஆடு மேய்ப்பவர். கட்டையனின் கழுத்தில் உள்ளங்கையை வைத்தார். "தோலுக்கு அடியில தண்ணி மாதிரி ஆடுதுடா. நாத்தம் வேற அடிக்குது. புழு வெச்சிருக்கும், தையலைப் பிரிக்கச் சொல்லு." சீத்தா இலை அரைத்துக் கட்டலாமா என்று அம்மா கேட்டார். உள்ளே இருக்கிற புழுவுக்கு வெளியே கட்டி என்ன ஆகும் என்று பெரியப்பாவே தடுத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் காலை தருமபுரி அரசு கால்நடை மருத்துவமனையில் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் இரண்டு ஆடு, ஒரு கன்றுக்குட்டி. அங்கே இருந்த டாக்டரம்மா காயத்தை முதலில் பார்க்கவே இல்லை. உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்த்தார், விரலால் அழுத்தி, வெளுத்த இடம் எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது என்று கவனித்தார். காய்ச்சல் பார்த்தார். நாயின் வாயைத் துணியால் கட்டச் சொன்னார், வலியில் இருக்கிற நாய் வளர்த்தவனையும் கடிக்கும் என்றார். பிறகு மெஷினால் கழுத்து முழுக்க முடியை எடுத்தார்.

இரண்டு ஓட்டை என்று நினைத்திருந்தேன். ஆறு இருந்தன.

நூலை வெட்டினார். ஒரு டம்ளர் சீழ் இறங்கியது. அதோடு புழுக்கள். நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவிதான் கடைசிவரை பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா விளக்கியதை என்னால் முடிந்த அளவுக்குச் சொல்கிறேன். நாயின் கோரைப்பல் கொக்கி மாதிரி. கழுத்துத் தோல் தளர்வானது, பல்லோடு சேர்ந்து நகர்ந்துவிடும். அடியில் இருக்கிற சதை நகராது, கிழியும். கவ்விய நாய் தலையை உதறினால் வெளியே ஒரு சின்ன ஓட்டையும் உள்ளே ஒரு பெரிய பையும் உண்டாகும். அந்தப் பைக்குள் எச்சில், முடி, மண், கிருமி எல்லாம் போய்விடும். அதைக் கழுவாமல் வாயைத் தைத்தால் திருடனை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டின கதைதான். பெரிய கிழிசலைத் தைக்க வேண்டியிருக்கும், தைக்கவே கூடாது என்று இல்லை. ஆனால் நன்றாகக் கழுவி, செத்த சதையை எடுத்து, நீர் வடிய வழி விட்டுத்தான் தைப்பார்கள். பல் குத்திய ஓட்டையைப் பெரும்பாலும் திறந்தே விடுவார்கள்.

கட்டையனுக்கு அதைத்தான் செய்தார்கள். 500 மில்லி சலைன் பாட்டில் இரண்டு காலியாகும் வரை சிரிஞ்சால் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவினார்கள். கீழ்ப்பக்கம் ஒரு ரப்பர் குழாய் வைத்தார்கள். வீட்டில் தினம் இரண்டு வேளை சலைனால் கழுவச் சொன்னார்கள். நக்காமலும் சொறியாமலும் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டினோம். அதோடு அவன் ஒவ்வொரு நிலைப்படியிலும் முட்டிக்கொண்டு எங்களைத் திட்டுகிற மாதிரி பார்த்ததுதான் அந்த நாட்களில் நாங்கள் சிரித்த ஒரே சிரிப்பு.

மாத்திரைக்கு வருகிறேன். "என்ன மாத்திரை கொடுத்தாங்க?" என்று கேட்டபோது காகித உறையைத்தான் நீட்ட முடிந்தது. மிச்சமிருந்த துண்டு அட்டையின் பின்பக்கம் பாதி எழுத்து இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்யும் என் மச்சான் பையன் பார்த்தவுடன் சொன்னான், டைக்ளோபெனாக். நாம் முட்டிவலிக்குப் போடுகிற மாத்திரை. நாய்க்கு அது வயிற்றைப் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும். கறுப்பாகப் போனது உள்ளே கசிந்த ரத்தம். இந்த மருந்து கொடுக்கப்பட்டிருந்த மாடுகள் செத்த பிறகு அவற்றைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததால், கால்நடைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று 2006லேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது. ஐபுபுரூபன், பாரசிட்டமால் மாதிரி நம் வீட்டு டப்பாவில் இருப்பதையும் நாமாக நாய்க்குக் கொடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். ரத்தப் பரிசோதனையில் கிட்னி தப்பித்தது தெரிந்தது. அதற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று அம்மாவுக்குத் தெரியும்.

தடுப்பூசி விஷயம்தான் எனக்கு இன்னும் அடங்காத கோபம். உண்மையான தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். போட்டதும் பாட்டிலில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்து நாயின் அட்டையில் ஒட்டித் தேதி போட்டுக் கையெழுத்திடுவார்கள். என்னிடம் ஸ்டிக்கரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. டிராயரில் இருந்து வந்த மருந்தைக் கணக்கிலேயே சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கட்டையனின் வருடாந்திர ஊசியும் தேதி தாண்டியிருந்தது, அது என் தப்பு. கடித்த நாயும் காணோம். அதனால் முதலில் இருந்து 0, 3, 7, 14, 28 நாள் கணக்கில் ஐந்து ஊசி. ஒழுங்காக ஊசி போட்டு வந்த நாயாக இருந்தாலும், கடி வாங்கினால் உடனே மறுபடி போட வேண்டுமாம்.

"உங்க கைக்கு என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். டிடி என்றேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நேராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி வெறிநாய்க்கடிக்கான சீரமும் போட்டு, 0, 3, 7, 28 என்று ஊசி எழுதினார்கள். காசு வாங்கவில்லை. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினீர்களா என்றார்கள். கடித்த அன்றே செய்திருக்க வேண்டியது அது. ஐந்து நாள் நான் என்ன தைரியத்தில் தக்காளி விற்றுக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

முதல் இடத்தில் போனது 7,000 ரூபாய். அரசு மருத்துவமனையில் இல்லாத மருந்தை வெளியே வாங்கியது, கூம்பு, ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து 2,600.

நாய் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் கேட்கச் சொல்கிறேன்: பதிவு எண். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி, கவுன்சிலில் பதிந்தவர்தான் கால்நடை மருத்துவம் பார்க்கலாம். ஐந்தரை வருடம் படித்து பட்டம் வாங்கினவர், எண்ணைக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார், மருந்துச் சீட்டிலேயே போட்டிருப்பார். டிப்ளமோ படித்த உதவியாளர்கள் சின்னச் சின்ன வேலை செய்யலாம், அதுவும் ஒரு பதிவு பெற்ற டாக்டரின் மேற்பார்வையில்தான். ராத்திரியில் வேறு வழியே இல்லை என்றால், இப்படி ஒரு திரைக்குப் பின்னால் போவதைவிட, காயத்தைச் சலைனால் கழுவி, சுத்தமான துணியை மேலே வைத்து, காலையில் முதல் ஆளாக அரசு மருத்துவமனையில் நிற்பது மேல். கையுறை போட்டுக்கொண்டு கழுவுங்கள். ஈறு வெளுத்து, மூச்சு வாங்கினால் மட்டும் காலைவரை பொறுக்காதீர்கள், சேலமோ பெங்களூரோ, பதிவு பெற்ற டாக்டர் இருக்கிற இடத்துக்கு வண்டியை விடுங்கள்.

கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநருக்கும் சென்னையில் இருக்கும் மாநிலக் கால்நடை மருத்துவ கவுன்சிலுக்கும் புகார் அனுப்பியிருக்கிறேன். துண்டுச் சீட்டு, மாத்திரை அட்டை, தையல் பிரித்த அன்று என் மனைவி எடுத்த போட்டோ எல்லாம் இணைத்தேன். விசாரணை முடியும்வரை கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொன்னதால் எழுதவில்லை.

புகாரை அனுப்பும் முன் ஒருமுறை நேரில் போய்க் கேட்டேன். வெள்ளைக் கோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"நான் டாக்டர்னு உங்ககிட்ட எப்பவாவது சொன்னேனா சார்?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.